விற்பனைக்கு இல்லாத ஆரஞ்சு

எங்கள் அத்தானைச் சந்தையில் எல்லோரும் இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுவார்கள். கடைசி வரிசை மீன்காரர் கிண்டலுக்கு வைத்த பெயர் அது. கிண்டல் என்பது அத்தானைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரியும். "என்ன இன்ஜினியர் சார், இன்னைக்கு எத்தனை மாடி?" என்று யாராவது கேட்டால், கையிலிருக்கும் பழத்தைத் துடைத்துக்கொண்டே நின்று நிதானமாகப் பதில் சொல்வார். "அஸ்திவாரம் பலமா இருந்தா எத்தனை மாடி வேணும்னாலும் போகலாம்" என்பார். கேட்டவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

அவர் கட்டியது வீடும் இல்லை, பாலமும் இல்லை. ஆரஞ்சுக் கோபுரம். பழக்கடையின் முகப்பில் ஆரஞ்சுகளைச் சதுரமாகப் பரப்பி, நான்கு பழத்துக்கு நடுவே விழும் பள்ளத்தில் ஒரு பழம் என்று மேலே மேலே ஏற்றி, உச்சியில் ஒற்றைப் பழத்தை வைத்து முடிப்பார். காம்பு ஒன்றுகூட வெளியே தெரியக் கூடாது. ஒவ்வொன்றையும் பழைய பனியன் துணியால் துடைப்பார். துணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டிருப்பார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. இருந்திருந்தாலும் இந்த அளவுக்குத் துடைத்திருக்க மாட்டார்.

நான் அவருடைய மைத்துனி. அவர் மனைவி என் கூடப்பிறந்த அக்கா. அதே சந்தையில் மூன்றாம் வரிசையில் முட்டைக் கடை வைத்திருக்கிறேன். முட்டை அடுக்குவதிலும் சாமர்த்தியம் வேண்டும்தான். ஆனால் அடுக்கிய முட்டைக்கு முன்னால் கை கட்டி நின்று அழகு பார்க்கும் வியாதி எனக்கு இல்லை.

எங்கள் சந்தை நாலு சுவரும் கூரையும் உள்ள சந்தை. இரும்புத் தூண்கள், மேலே அழுக்கேறிய கண்ணாடி, காலையில் குழாய் பிடித்துக் கழுவிவிட்ட கல்தரை, நடுவில் தண்ணீர் ஓட ஒரு சின்ன வாய்க்கால். வாசலில் பழம், அடுத்து காய்கறி, மூன்றாவது வரிசையில் முட்டையும் வெண்ணெயும், பிறகு இறைச்சி, கடைசியில் குளிர் அறையை ஒட்டி மீன். வெளியே மழை கொட்டினாலும் வெயில் கொளுத்தினாலும் உள்ளே வியாபாரம் நடக்கும். இப்படிப்பட்ட சந்தைகளில் அப்படி என்ன ஈர்ப்பு என்று எழுதுகிறவர்கள் நிறம், மணம், உயிர்த்துடிப்பு என்று ஏதேதோ எழுதுகிறார்கள். நான் சொல்கிறேன், கேளுங்கள். தள்ளுவண்டிக்காரன் இன்றைக்குச் சொத்தைப் பழத்தை உங்கள் தலையில் கட்டிவிட்டு நாளைக்கு வேறு தெருவுக்குப் போய்விடலாம். பெரிய கடையில் கவருக்குள் அடைத்து வைத்த பழம் அழுகியிருந்தால் திட்டுவதற்கு அங்கே ஆளே கிடையாது. எங்கள் சந்தையில் நேற்று உங்களை ஏமாற்றியவர் இன்றைக்கும் அதே இடத்தில் நிற்பார். பையோடு வந்து, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி நறுக்கென்று கேட்கலாம். கேட்டால் அடுத்த தடவை ஒன்று கூடப் போட்டுத் தருவார். ஈர்ப்பு என்றால் அதுதான். மற்றதெல்லாம் வெளிச்சம் பார்த்து எடுத்த புகைப்படம்.

பழ வரிசைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. முகப்பு கண்ணுக்கு, பின்பெட்டி பைக்கு என்பார்கள். முகப்பில் அடுக்கியிருப்பது ஆளை இழுக்க; விற்பது பின்னால் இருக்கும் பெட்டியிலிருந்து. பகல் முழுக்க முகப்பில் யாரும் கை வைக்க மாட்டார்கள். சாயங்காலம் கடை கட்டும் நேரத்தில் முகப்பை இறக்கிப் பாதி விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். அதற்கென்றே ஒரு கூட்டம் வரும். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் பெண்கள், சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர், எதிர்ச்சாரித் தையல்காரம்மா. பகலெல்லாம் பணக்காரர்கள் பார்த்துவிட்டுப் போன பழத்தைச் சாயங்காலம் இவர்கள் தின்பார்கள். யாருக்கும் நஷ்டமில்லை.

அத்தானின் அப்பா அந்த வாசல் மூலைக் கடையைப் பெரும்பாடு பட்டுப் பிடித்தவர். அவர் தன் மகனுக்குப் பெண் தேடவில்லை. கடைக்கு ஆள் தேடினார். மகனின் லட்சணம் அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர், மேசையிலிருந்த தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்து என் அக்கா கையில் கொடுத்து, "இது எப்படிம்மா?" என்று கேட்டார். அக்கா கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, "வெறும் தோல், உள்ள சாறு இல்ல. உங்களை யாரோ நல்லா ஏமாத்தியிருக்காங்க" என்றாள். பழம் அவர் வாங்கி வந்தது. அந்த இடத்திலேயே கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை அதுவரை வாய் திறக்கவில்லை. தட்டில் மீதியிருந்த பழங்களை வட்டமாக அடுக்கிக்கொண்டிருந்தார். இது சரிப்பட்டு வராது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சின்னப் பெண் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

மாமனார் இருந்தவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவருக்குப் பிறகு கடை அத்தான் பெயருக்கு மாறியது. உழைப்பு அக்காவுடையது. விடிவதற்கு முன்னால் மொத்த வியாபாரக் கிடங்குக்குப் போய்ப் பழம் பொறுக்குவது அவள், வண்டி பிடித்து ஏற்றி வருவது அவள், பெட்டி பிரிப்பது அவள், எடை போடுவது அவள். அத்தான் சாவகாசமாகக் குளித்து, தலை வாரி, காலைச் சாப்பாடு முடித்துக்கொண்டு வந்து கோபுரம் கட்டுவார். ஆளைப் பார்த்தால் அழகு, வேலையைப் பார்த்தால் எழவு என்று சும்மாவா சொன்னார்கள்.

எங்கள் அக்காவுக்கு வாய் கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். கிடங்கு வியாபாரிகளே அவளிடம் விலை சொல்ல யோசிப்பார்கள். புருஷன் முன்னால் மட்டும் அந்த வாய் எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ தெரியாது. "அவருக்கு அது ஒண்ணுதான் சந்தோஷம், விடேன்" என்பாள். இப்படி விட்டு விட்டுத்தான் வினை வந்தது.

ஒரு நாள் பத்திரிகைக்காரர் ஒருவர் கேமராவோடு வந்தார். கோபுரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தார். பிறகு, காலை வெயில் கண்ணாடி வழியாக நேராக விழும்போது இன்னும் எடுப்பாக இருக்கும், நாளைக்கு வருகிறேன், அதுவரை கலைக்காமல் வைத்திருக்க முடியுமா என்று கேட்டார். முடியுமாவா! அன்றைக்குச் சாயங்காலம் முதல் முறையாக முகப்பு இறங்கவில்லை. ஆஸ்பத்திரிப் பெண்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். அத்தான் அவர்களிடம், "இது பேப்பர்ல வரப்போகுது" என்றார், ஏதோ அவர்களுக்கும் அதில் பங்கு இருக்கிற மாதிரி. அவர்கள் வெறும் பையோடு போனார்கள்.

படம் வந்தது. அரைப் பக்கத்துக்கு ஆரஞ்சு, அதன் பக்கத்தில் கை கட்டிக்கொண்டு அத்தான். அதோடு மனுஷனுக்குக் கண் மண் தெரியவில்லை. கோபுரத்தை இறக்குவதே இல்லை என்று ஆகிவிட்டது. 'தொடாதீர்கள்' என்று ஒரு பலகை எழுதி மாட்டினார். அடியிலிருக்கும் பழம் அழுகாதா? அழுகியது. நாற்றம் வந்தபோது மீன் வரிசையிலிருந்து வருகிறது என்று சந்தை மேற்பார்வையாளரிடம் புகார் சொன்னார். மீன்காரர் வந்து மோந்து பார்த்துவிட்டு, "இன்ஜினியர் சார், என் மீன் செத்து ஒரு நாள்தான் ஆகுது. உங்க பழம் செத்து எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அத்தான் உள்ளே காலி மரப்பெட்டிகளைக் கவிழ்த்து அடுக்கி, அதன் மேல் ஒற்றை வரிசையாகப் பழத்தை ஒட்ட வைத்தாற்போல் அடுக்க ஆரம்பித்தார். அத்திப் பழத்தைப் புட்டால் அத்தனையும் சொத்தை என்பார்கள். இதைப் புட்டால் உள்ளே சொத்தைகூட இல்லை, வெறும் பெட்டி.

படத்தைப் பார்த்துவிட்டு ஊரிலிருக்கும் வேலையற்றவர்களெல்லாம் வந்தார்கள். வந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மீன் வரிசையில் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆகா, எவ்வளவு உயிரோட்டமா இருக்கு" என்பார்கள். பெரிய கடைகளில் ஆன்மாவே இல்லை என்று வருத்தப்படுவார்கள். திரும்பும் வழியில் வண்டியை அங்கே நிறுத்தித்தான் அந்த வாரச் சாமான் வாங்குவார்கள். என் கடையில் ஓர் அம்மா முட்டையை விரலால் தட்டிப் பார்த்து, "இது நிஜமா?" என்று கேட்டார். "கோழிகிட்ட கேட்டுச் சொல்றேங்க" என்றேன். அதையும் கேமராவில் பதிவு செய்துகொண்டு போனார். கிளம்பும்போது ஆளுக்கு ஒரு எலுமிச்சம்பழம் வாங்குவார்கள். ஒரு எலுமிச்சையும் பை நிறையப் பெருமையும்.

கோபுரம் வளர வளர அக்கா மறைந்துபோனாள். அவள் நிற்பது அதற்குப் பின்னால். வாங்க வந்தவர்களுக்கு அவள் முகம் தெரியாது. பழக்குவியலுக்குள்ளிருந்து, "என்னங்க வேணும்?" என்று ஒரு குரல் மட்டும் வந்தால் யாருக்கும் தூக்கிவாரிப் போடத்தான் செய்யும். பழைய வாடிக்கைக்காரர்கள் பக்கவாட்டில் ஒடுங்கி நுழைந்து வாங்கிப் போனார்கள். புதியவர்கள் இது கடை என்றே நினைக்கவில்லை. பெட்டியிலிருந்த பழம் தேங்கியது. அக்கா கிடங்குக்குப் போவது ஒன்று விட்டு ஒரு நாள் என்று ஆயிற்று.

இந்த நிலையில் நகராட்சியிலிருந்து ஒரு குழு வருவதாகச் செய்தி வந்தது. சந்தையின் ஈர்ப்பைக் கூட்டப்போகிறார்களாம். எந்தக் கடை வாசலில் இருப்பது, எது உள்ளே போவது, எது வெளியே போவது என்பதை நேரில் வந்து பார்த்து முடிவு செய்வார்களாம். வாசல் மூலை போனால் அக்காவின் பிழைப்பு போச்சு. அவள் கற்றதும் பெற்றதும் அந்தக் கடைதான்.

மத்தியானம் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் அவளை என் கடைக்கு இழுத்து வந்து உட்கார வைத்தேன்.

"அக்கா, அந்தக் குழு வர்ற அன்னைக்காவது அந்தக் கண்றாவியை எடுத்துடு. பழத்தைப் பெட்டி பெட்டியா திறந்து வை. நீ முன்னால நில்லு. நாலு பேர் எடுத்துப் பார்க்கட்டும், மோந்து பார்க்கட்டும். இது கடைன்னு அவங்களுக்குத் தெரியணும்."

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றாள் அக்கா. "இன்னைக்குக் கேட்டுடறேன்."

என் கண் முன்னால்தான் கேட்டாள். அத்தான் ஸ்டூல் மேல் நின்று உச்சிப் பழத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அவங்க வர்ற அன்னைக்கு மட்டும் இதை இறக்கி வச்சுக்கலாமா? வியாபாரம் நடக்கறதை அவங்க பார்க்கணும்ல. நம்ம கடையே போயிடுமோன்னு எனக்கு பயமா இருக்கு."

அத்தான் கீழே இறங்கக்கூட இல்லை. மேலேயிருந்தே அவளைப் பார்த்தார்.

"உனக்கு வியாபாரம்தான் தெரியும்" என்றார்.

பழக்கடைக்காரியைப் பார்த்து ஒரு பழக்கடைக்காரர் வசவாகச் சொன்ன வார்த்தை இது. எனக்கு வந்த கோபத்துக்கு ஸ்டூலைத் தட்டிவிட்டிருப்பேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குழு வந்தது. முன்னால் தலைவி அம்மா, பின்னால் மேற்பார்வையாளர், அவருக்குப் பின்னால் ஓர் ஆலோசகர். ஆலோசகர் பல ஊர்ச் சந்தைகளைப் பார்த்தவராம். ஈரத் தரைக்கு வெள்ளைச் செருப்பு போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதிலேயே அவர் எத்தனை சந்தைக்குள் நடந்திருப்பார் என்று தெரிந்துவிட்டது. நான் முட்டையை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்குப் போய் நின்றேன்.

அத்தான் அன்றைக்குப் புதுச் சட்டை. கோபுரம் எப்போதையும்விட உயரம். தலைவி அம்மா அதன் முன்னால் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். உண்மையைச் சொன்னால் அந்த அம்மாவுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. கையை நீட்டி, "இதுல ஒண்ணு குடுங்களேன், பார்த்ததுமே சாப்பிடணும் போல இருக்கு" என்றார்.

கடையைக் காப்பாற்ற இதைவிட நல்ல வேளை வருமா? ஒரு பழம். ஒரே ஒரு பழத்தை எடுத்து உரித்துக் கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அத்தான் நெஞ்சில் கை வைத்துத் தலையைச் சாய்த்தார்.

"மன்னிக்கணுங்க, இது விற்பனைக்கு இல்லீங்க."

அப்போது கோபுரத்தின் பக்கவாட்டிலிருந்து அக்காவின் கை நீண்டது. கையில் ஒரு ஆரஞ்சு. அன்று காலையில் கிடங்கில் தடவித் தடவிப் பொறுக்கியதில் ஆகச் சிறந்ததாக இருக்கும்; எனக்கு அவளைத் தெரியும். "இந்தாங்கம்மா, இதைச் சாப்பிட்டுப் பாருங்க" என்று அவள் குரலும் வந்தது. தலைவி அம்மா திரும்பவில்லை. அவர் காதில் விழவில்லையோ, விழுந்தும் அது கடைக் குரல்தானே என்று விட்டாரோ. அவர் ஆலோசகரைப் பார்த்து, "விற்பனைக்கு இல்லையாம். எவ்வளவு பற்று பாருங்க" என்று சிரித்தார். ஆலோசகரும் சிரித்தார். மேற்பார்வையாளர் கடைசியாகச் சிரித்தார். அக்காவின் கை அப்படியே நீண்டிருந்தது. யாரும் வாங்கவில்லை. அவர்கள் அடுத்த கடைக்கு நகர்ந்த பிறகு அந்தக் கை மெல்ல உள்ளே போயிற்று.

ஒரு வாரம் கழித்து மேற்பார்வையாளர் அறைக்கு அத்தானை மட்டும் கூப்பிட்டார்கள். கடை அவர் பெயரில்தானே இருக்கிறது. போய்விட்டுத் திரும்பும்போது தரையில் கால் பாவவில்லை. நேராகக் கடைக்கு வந்தார். நான் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"மூலை நமக்கேதான்" என்றார். "யாராலும் அசைக்க முடியாது. சந்தைக்கே அடையாளமா இருக்கணும்னு சொல்லிட்டாங்க. எனக்கு மாசச் சம்பளம், கோட்டு எல்லாம் உண்டு. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் பக்கத்துல நின்னு, வர்றவங்களுக்கு விவரம் சொல்லணும். அவ்வளவுதான் வேலை."

"வியாபாரம்?" என்றாள் அக்கா.

"அங்க வியாபாரம் கூடாதாம். சாறு சிந்தும், ஈ மொய்க்கும்னு சொல்றாங்க. அதுவும் நியாயம்தானே? நான் சரின்னு சொல்லிட்டேன்."

"சரின்னு சொல்லிட்டீங்களா?"

"உனக்காகத்தான் சொல்றேன். இனிமே நீ இருட்டோட எழுந்து கிடங்குக்கு ஓட வேண்டாம், பெட்டி தூக்க வேண்டாம்."

"நான் என்ன செய்யறது?"

அத்தான் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. யோசித்தார். நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டு, தாராளமாகச் சிரித்துக்கொண்டு சொன்னார்:

"வீட்ல இரு. போர் அடிச்சா வந்து பாரு."

வந்து பாரு. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கடையைத் தோளில் சுமந்தவளைப் பார்த்து வந்து பாரு என்கிறார். இதில் கெட்ட எண்ணம் இருந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். துளிக்கூட இல்லை. மனசார நல்லது செய்துவிட்டதாக நினைத்து நின்றார். அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? அரைக்காசு உத்தியோகமானாலும் அரண்மனை உத்தியோகம் என்று நினைக்கிற ஆளிடம் என்ன சொன்னாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அடுத்த சில வாரங்களில் மூலைக் கடையின் பலகைகளைப் பிரித்து எடுத்தார்கள். அழுகுகிற பழம் வேண்டாம் என்று ஆலோசகர் சொல்லிவிட்டாராம். அச்சு வார்க்கிற ஆட்கள் வந்தார்கள். அத்தானின் கோபுரத்தை எல்லாப் பக்கமும் அளந்தார்கள். பிறகு மூட்டை மூட்டையாகப் போலி ஆரஞ்சு வந்து இறங்கியது. தோலில் புள்ளிகூடத் தத்ரூபமாக இருந்தது. அத்தான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பனியன் துணியோடு தயாராக நின்றார். அச்சுக்காரர்களில் மூத்தவர், "சார், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பசை காயணும்" என்றார். அவர்களே அடுக்கினார்கள், அவர்களே ஒட்டினார்கள். ஒரு மத்தியானத்தில் வேலை முடிந்துவிட்டது. இனிமேல் கலைக்கவும் முடியாது, அடுக்கவும் முடியாது. துணியை என்ன செய்வதென்று தெரியாமல் அத்தான் பையில் மடித்து வைத்துக்கொண்டார். மீன்காரர் பார்த்துவிட்டு, "ஏட்டுச் சுரைக்காய் கேள்விப்பட்டிருக்கேன், இப்பத்தான் நேர்ல பார்க்கறேன்" என்றார்.

அன்றைக்குச் சந்தையே சிரித்தது. நானும் சிரித்தேன். யாரை ஏமாற்ற? நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

மறுநாள் காலை நான் கடையைத் திறந்துகொண்டிருக்கிறேன், அக்கா ஒரு தள்ளுவண்டி நிறையப் பழப்பெட்டியோடு வந்து நின்றாள். வழக்கம்போல் விடிவதற்கு முன்னால் கிடங்குக்குப் போயிருக்கிறாள். யாரையும் கேட்கவில்லை.

"உன் மேசையில பாதி குடு" என்றாள்.

முட்டைத் தட்டுகளை ஒரு பக்கமாக நகர்த்தினேன். முட்டைக் கடையில் பழம் விற்கலாமா என்று மேற்பார்வையாளர் கேட்க வந்தார். "முட்டை கூடப் பழம் இருந்தா முட்டைக்கு நல்லதுன்னு ஆலோசகர் சொன்னாருங்க" என்றேன். எந்த ஆலோசகர் என்று அவர் கேட்கவில்லை. அந்தப் பேருக்கு அவ்வளவு மரியாதை.

அக்கா எதையும் அடுக்கவில்லை. பெட்டி மூடியைத் திறந்து அப்படியே வைத்தாள். முன்னால் நின்றாள். அவ்வளவுதான். பழைய வாடிக்கைக்காரர்கள் நாலைந்து நாளில் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். "எங்கம்மா போயிட்டீங்க?" என்று உரிமையோடு கோபித்துக்கொண்டார்கள். ஒருத்தி அழுத்திப் பார்ப்பாள், ஒருவர் மோந்து பார்ப்பார், ஒருவர் நேற்று வாங்கியதில் ஒன்று புளிப்பு என்று சண்டைக்கு வருவார். அக்கா மூன்று பேரிடமும் ஒரே நேரத்தில் பேசுவாள். ஆஸ்பத்திரிப் பெண்கள் அவளைப் பார்த்ததும் பையைத் தூக்கிக் காட்டினார்கள். எத்தனை வருஷம் கழித்து அவள் முகத்தை வெளிச்சத்தில் பார்க்கிறேன் என்று எனக்கே தோன்றியது.

அத்தான் ஒரே ஒரு தடவை மூன்றாம் வரிசைக்கு வந்தார். பச்சைக் கோட்டு, பித்தளைப் பொத்தான்.

"பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க? நான் அங்க நிக்கறேன், நீ இங்க முட்டைக் கடை ஓரத்துல நிக்கறே" என்றார்.

"பழம் வாங்க வர்றவங்க பழம் வாங்கிட்டுப் போவாங்க" என்றாள் அக்கா. அவள் கை எடை போட்டுக்கொண்டிருந்தது. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த வாய் அவர் முன்னால் திறந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அத்தான் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு வரவில்லை. வீட்டில் சமையல் நடக்கிறது, சாப்பாடு நடக்கிறது, வேண்டியதைப் பேசிக்கொள்கிறார்கள். அதற்கு மேல் எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன்.

அவர் வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பார்க்க வருகிறவர்கள் கோபுரத்தைப் பார்த்து வாய் பிளப்பார்கள். படம் எடுப்பார்கள். எடுத்து முடித்ததும், நூற்றுக்கு நூறு பேரும் அவரிடம் கேட்பது ஒரே கேள்விதான்: இந்த மாதிரிப் பழம் எங்கே கிடைக்கும்? என்னதான் இருந்தாலும் ஆரஞ்சைப் பார்த்தால் தின்னத்தான் தோன்றும். ஆலோசகருக்கு மட்டும்தான் அது தெரியவில்லை. விவரம் சொல்வது வேலையாச்சே, அத்தான் சொல்லித்தான் ஆக வேண்டும். "மூணாவது வரிசை, முட்டைக் கடைப் பக்கம்" என்று கையைக் காட்டுவார். நாள் முழுக்க அதுதான் வேலை. நகராட்சிச் சம்பளத்தில் அக்காவுக்கு ஆள் பிடித்துத் தருகிறார் என்று மீன்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

போன வாரம் நான் காலி முட்டை அட்டைகளை வெளியே போட்டுவிட்டு வாசல் வழியாக வந்துகொண்டிருந்தேன். ஒரு கணவனும் மனைவியும் அத்தானிடம் வழி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் வழக்கம்போல் கையைக் காட்டினார். அந்தப் பெண் போகாமல் நின்று, "அங்க பழம் நல்லா இருக்குமா? எங்களை ஏமாத்திட மாட்டாங்களே?" என்று கேட்டாள்.

நான் தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டேன். இந்த ஆள் என்ன உளறப்போகிறார் பார்ப்போம், இன்றைக்குச் சண்டை போட ஒரு சாக்கு கிடைத்தது என்றுதான் நின்றேன்.

அத்தான் பசையில் ஒட்டியிருந்த பழங்களை ஒரு தடவை பார்த்தார். கோட்டுப் பைக்குள் கையை விட்டார். அந்தப் பனியன் துணி இப்போது அதில்தான் இருக்கிறது போல. பிறகு அந்தப் பெண்ணிடம் மெதுவாகச் சொன்னார்:

"தைரியமா வாங்குங்கம்மா. அவங்க கை வச்சு எடுத்த பழம் இதுவரைக்கும் சோடை போனதில்ல. நான் இருபத்திரண்டு வருஷமா பார்க்கறேன்."

அவர்கள் வந்து ஒரு பை நிறைய வாங்கிப் போனார்கள். அக்கா அவர்களுக்கும் ஒன்று கூடப் போட்டாள். யார் அனுப்பினார்கள் என்று அவளுக்குத் தெரியும். என்ன சொல்லி அனுப்பினார் என்று தெரியாது. நான் பக்கத்தில் நின்று முட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். இருபத்திரண்டு வருஷம் பெண்டாட்டியிடம் சொல்ல வராத வார்த்தை, வழிப்போக்கர்களிடம் மட்டும் எவ்வளவு சரளமாக வருகிறது. அதை நான் ஏன் சுமந்து வந்து அக்காவிடம் கொடுக்க வேண்டும்? வாசலுக்கும் எங்களுக்கும் நடுவே இரண்டு வரிசைதான் இருக்கிறது. அவருக்குக் கால் இருக்கிறது, நடந்து வந்து அவரே சொல்லட்டும்.

இன்னும் வரவில்லை.